பெயர் எழுதாத அச்சுகள்

சில வருடங்களுக்கு முன்னர், ரொறன்ரோ நகருக்கு அண்மையில் வசிக்கும் என் தங்கையின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்குமாக வீட்டைவிட்டுப் போன பின்னர் காலியாகிவிட்ட அறையொன்றை அவள் தன் கடதாசிக் கைவினைக்கென ஒதுக்கியிருந்தாள். வாழ்த்து மடல்கள், பிறந்தநாள் அழைப்பிதழ்கள், சிறு பரிசுப் பெட்டிகள் எனப் பலவற்றை அங்கே செய்கிறாள். அந்த அறையின் சுவரோரம் இருந்த ஒரு தட்டுத்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தட்டில் இருந்தவை எம்போஸிங் போல்டர்கள். விளிம்பில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இரண்டு மெல்லிய பிளாஸ்ரிக் தகடுகள். ஒன்றில் மேடாக இருக்கும் உருவம் மற்றதில் பள்ளமாக இருக்கும். இடையில் ஒரு மட்டையைச் செருகி, கையால் சுற்றும் சிறிய உருளை இயந்திரத்தினூடாகச் செலுத்தினால், மை ஏதுமின்றிப் பூவும் கொடியும் மட்டையில் புடைத்து எழும். பெரும்பாலானவை நாலேகால் அங்குல அகலமும் ஐந்தரை அங்குல நீளமும் கொண்டவை. வட அமெரிக்காவில் வழக்கிலுள்ள வாழ்த்து மடலின் அளவு அது.

நூறுக்கு மேற்பட்ட போல்டர்களை அவள் நூலகத்துப் புத்தகங்கள்போல நிறுத்தி வைத்திருந்தாள். பூக்கள், இலைகள், செங்கல் சுவர், மரத்தின் வரிகள், நத்தார் என வகை பிரித்து, வகைக்கொரு மட்டை செருகியிருந்தாள். வெப்பம் பட்டால் பிளாஸ்ரிக் வளைந்துவிடும் என்பதால் யன்னல் வெயில் விழாத மூலையைத் தெரிந்திருந்தாள்.

"முதல்ல ஒண்டுக்கு மேல ஒண்டாத்தான் அடுக்கி வச்சிருந்தனான் அண்ணா. அடியில கிடக்கிறதை எடுக்கிறதுக்கு மேல இருக்கிறதெல்லாத்தையும் இறக்கவேணும். கடைசியில மேல கிடந்த பத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாவிச்சன். மிச்சம் இருக்குது எண்டதே மறந்து போச்சு" என்றாள்.

பிறகு ஒரு தடித்த கோப்பை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு போல்டரிலும் ஒரு தடவை அழுத்தி எடுத்த மட்டைத் துண்டுகள் அதில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் இலக்கம், பெயர், வாங்கிய திகதி. அதே இலக்கம் போல்டரின் விளிம்பிலும் ஒட்டப்பட்டிருந்தது.

"போல்டரை வெறுமனே பார்த்தால் என்ன உருவமெண்டு சரியாத் தெரியாது. அமத்தி எடுத்தாத்தான் தெரியும். இந்தக் கோப்பு இல்லாட்டில் இவ்வளவும் வெறும் பிளாஸ்ரிக்தான்."

இதை உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "எல்லாரும் இப்பிடித்தானே செய்யினம்" என்றாள். அவளுக்கு அது சாதாரண விடயம். ஆனால் அத்தகைய ஒரு புத்தகத்தை ஒருமுறை கைவிட்டு வந்தவன் நான்.

1993ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றபின் நகரிலிருந்த சிறு பத்திரிகையொன்றில் சேர்ந்தேன். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்டோம். அச்சுத்தாள் கிடைக்காதபோது அப்பியாசக் கொப்பித் தாளிலும் பத்திரிகை வெளிவந்தது. அச்சுக்கூடத்தின் பொறுப்பாளராக இருந்த மூத்த அச்சுக்கோப்பாளரை எல்லோரும் மாஸ்ரர் என்றே அழைப்போம்.

மாஸ்ரரின் மேசைக்குப் பின்னால் புளொக் அலுமாரி ஒன்று இருந்தது. இளைய வாசகர்களுக்காகப் புளொக் என்பதை விளக்கவேண்டும். படமொன்றைப் புள்ளிகளாகப் பிரித்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, தகட்டை எழுத்தின் உயரத்துக்குச் சமமாக மரக்கட்டையில் அறைந்திருப்பார்கள். மை தடவி அழுத்தினால் படம் தாளில் விழும். கொழும்புப் பாதை மூடப்பட்டிருந்த அந்நாட்களில் புதிதாகப் புளொக் செய்விப்பது அரிது. எனவே இருப்பவை எல்லாம் பொக்கிஷம். அவற்றுள்ளும் அதிகம் பேணப்பட்டவை அரசியல்வாதிகளின் முகங்கள் அல்ல, மரண அறிவித்தல்களுக்காகச் செய்யப்பட்ட சாதாரண மனிதர்களின் முகங்கள். அந்தியேட்டிக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் நினைவஞ்சலி போட உறவினர்கள் மீண்டும் வருவார்கள். பலருக்கு வீட்டிலிருந்த படம் இடப்பெயர்விலோ குண்டுவீச்சிலோ போயிருக்கும். பத்திரிகையில் இருக்கும் புளொக்தான் மிஞ்சிய ஒரே முகம்.

புளொக்கைக் கையில் வைத்துப் பார்த்தால் ஆளை அடையாளம் காண்பது கடினம். முகம் இடம் வலம் மாறியிருக்கும். உலோகத்தின் சாம்பல் நிறத்தில் வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரியாது. ஆகவே மாஸ்ரர் ஒரு பெரிய கணக்குக் கொப்பி வைத்திருந்தார். புளொக் வந்த அன்றே அதில் ஒருமுறை அச்செடுத்து ஒட்டி, பெயர், ஊர், வெளிவந்த திகதி, இலக்கம் ஆகியவற்றை எழுதுவார். மரக்கட்டையின் அடியில் இலக்கம் மட்டும் பென்சிலால் குறிக்கப்படும். கட்டையின் அடியில் பெயர் எழுத இடம் போதாது.

மாஸ்ரரின் கொப்பி அவரது தனிப்பட்ட பழக்கம் என்று அப்போது எண்ணியிருந்தேன். பின்னர் அச்சுக்கலை வரலாற்றைப் படித்தபோதுதான் அது நானூறு வருடங்களுக்கு மேற்பட்ட மரபு என்பது விளங்கியது.

பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில் 1555ஆம் ஆண்டு அச்சுத் தொழிலைத் தொடங்கிய கிறிஸ்தோப் பிளான்ரன் என்பவர், தம்மிடமிருந்த எழுத்துருக்களை அச்சிட்டுக் காட்டும் மாதிரிப் புத்தகமொன்றை 1567இல் வெளியிட்டார். அக்காலத்தில் எழுத்து வார்ப்பதற்கு முதலில் எஃகில் எழுத்தை மேடாகச் செதுக்கிய பஞ்ச் வேண்டும். அதைச் செப்புத் துண்டில் அறைந்து பள்ளமான மற்றிக்ஸ் பெறுவார்கள். அதில்தான் ஈயக் கலவையை வார்ப்பார்கள். மேடும் பள்ளமும் சோடியாக நிற்பதில் தங்கையின் போல்டருக்கும் இதற்கும் உறவு உண்டு. பிளான்ரனும் அவரது வாரிசுகளான மொறேற்றஸ் குடும்பத்தினரும் தமது அச்சுகளைப் பேணியதோடு, காலத்துக்குக் காலம் இருப்புப் பட்டியல்களும் எழுதி வைத்தார்கள். 1876இல் நகரசபை அந்த அச்சகத்தை வாங்கி மறுவருடம் அரும்பொருட் காட்சியகமாகத் திறந்தது. சுமார் 4,500 பஞ்சுகளும் 15,000க்கு மேற்பட்ட மற்றிக்ஸ்களும் இன்றும் அங்கே உள்ளன. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1945 ஜனவரியில், அருகே விழுந்த ஏவுகணையால் கட்டடம் பெரும் சேதமடைந்தது. சேகரிப்பு தப்பியது. 1950களில் ஆய்வாளர்கள் அங்குள்ள செப்புத் துண்டுகளையும் பழைய பட்டியல்களையும் மாதிரிப் பக்கங்களையும் ஒப்பிட்டு, கறமொண்ட், கிறாஞ்ஜோன் போன்ற கலைஞர்களின் கைவேலைகளைப் பிரித்தறிந்தார்கள். அச்சோடு பட்டியலும் இருந்தபடியால் அது இயன்றது.

பட்டியல் அறுந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்ஸ் ஓர் உதாரணம். பாரிஸிலுள்ள அரச அச்சகத்திடம் பழைய மற்றிக்ஸ் தொகுதியொன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதை 1561இல் மறைந்த குளோட் கறமொண்டின் படைப்பு என்று கொண்டார்கள். அந்த நம்பிக்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்கள் அவ்வெழுத்துகளைக் கறமொண்டின் பெயரிலேயே புதுப்பித்து விற்றன. 1926இல் பியற்றிஸ் வோர்ட் என்ற ஆய்வாளர் உண்மையை வெளியிட்டார். அவற்றைச் செதுக்கியவர் ஜோன் ஜனோன். கறமொண்ட் இறந்து 19 வருடங்களின் பின்னர் பிறந்தவர். அவரது பெயரை மீட்டுத் தந்தது, 1621இல் அவரே அச்சிட்ட ஒரு மாதிரிப் புத்தகம். ஆயினும் பிழையான பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் கணினிகளில் கறமொண்ட் என்ற பெயரில் கிடைக்கும் எழுத்துருக்களுள் சில ஜனோனுடையவற்றைத் தழுவியவை.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்கச் சிறுநூலின் இறுதியில் தமிழ் எழுத்துகள் மாதிரியாக அச்சிடப்பட்டுள்ளன. 1577இல் கோவாவில் செய்த எழுத்துகள், 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்துகள் என்று இரண்டு வகைகளும் அங்கே காட்டப்பட்டுள்ளன. அந்த ஈய எழுத்துகளுள் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள பிரதியின் அந்தப் பக்கம் இருப்பதால், தமிழின் முதல் அச்செழுத்துகள் எங்கே எப்போது பிறந்தன என்று நாம் பேசுகிறோம்.

இவற்றையெல்லாம் 1995இல் நான் அறிந்திருக்கவில்லை. அவ்வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறியபோது, மாஸ்ரரும் நானும் அலுவலகத்தில் நின்றோம். எங்களிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஈய எழுத்துகளைத் தூக்க முடியாது. நான் புளொக் அலுமாரியின் இரண்டு இழுப்பறைகளைக் கழற்றிச் சாக்கில் கட்டினேன். மாஸ்ரர் கொப்பியை எடுத்து வந்தார். அது தடித்தது, அகலமானது, சாக்கினுள் அடங்கவில்லை.

"மாஸ்ரர், கொப்பி கடதாசிதானே, மழையும் பெய்யுது. முகங்கள் எங்களிட்டை இருக்குது, கொப்பியைப் பிறகு திரும்ப எழுதலாம்" என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, முகத்தை உலோகம் வைச்சிருக்கும். பேரை ஆர் வைச்சிருக்கிறது?" என்றார். நான் அவசரப்படுத்தினேன். அவர் கொப்பியை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

சாவகச்சேரி போய்ச் சேர எங்களுக்குப் பதினாறு மணித்தியாலம் ஆயிற்று. 1996இல் நான் யாழ்ப்பாணம் திரும்பியபோது அலுவலகத்துக்குக் கூரை இல்லை. மேசையும் இல்லை. மாஸ்ரர் வன்னிக்குப் போனார். 1998இல் அங்கேயே காலமானார்.

சாக்கில் வந்த புளொக்குகள் இருநூறுக்குச் சற்றுக் கூடுதலானவை. எல்லாவற்றின் அடியிலும் இலக்கம் இருந்தது. 137, 138, 212. அந்த இலக்கங்கள் சுட்டிய கொப்பிதான் இல்லை. நிலைமை சற்றுச் சீரான பின்னர் நண்பரொருவரின் அச்சகத்தில் ஒவ்வொன்றையும் அச்செடுத்தேன். கறுப்பு மையில் அந்த முகங்கள் எழுந்து வந்தபோது மகிழ்ச்சியைவிட அச்சமே மேலோங்கியது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது பேரைத்தான் தெரிந்தது. பழைய பத்திரிகைப் பிரதிகள் கிடைத்த இடங்களில் ஒப்பிட்டேன். ஊர்ப் பெரியவர்களிடமும் கோயில் தர்மகர்த்தாக்களிடமும் ஓய்வுபெற்ற தபால்காரர்களிடமும் காட்டினேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகத் தேடியதில் 91 பேருக்குப் பெயர் கிடைத்தது. அவர்களுள் சிலரின் பிள்ளைகளுக்கு முகத்தை அனுப்பிவைக்க முடிந்தது. சுவிஸிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர், தன் தாயாரின் முகத்தைத் தான் மறந்துவிட்டதாக எண்ணியிருந்ததாகச் சொல்லி அழுதார்.

ஏனையோரின் அச்சுகளும் என்னிடம் உள்ளன. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருவதால், அவர்களுக்குப் பெயர் கிடைக்கும் சாத்தியம் வருடந்தோறும் குறைகிறது.

ஆவணப்படுத்தல் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைவுகூராத எழுத்தாளர் இல்லை. பிறர் அழித்தது பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஒழுங்கின்மையாலும் அவசரத்தாலும் நாமே இழப்பவை பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்தக் கொப்பியை எவரும் என் கையிலிருந்து பறிக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பொருளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில், அது இன்னதென்று சொல்லும் தாளைக் கைவிட்டேன்.

புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் பழைய புகைப்படங்கள் பிஸ்கற் பேணிகளில் கிடக்கின்றன. அவற்றிலிருப்போர் யாரென்று அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ இன்று தெரியும். வாசகர்கள் அவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவிட்டால் நல்லது. வெற்றுப் பெட்டிக்குள் இலக்கம் போட்டு அடுக்குவது அதற்குப் பிறகு.

கனடாவை விட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள் தங்கையிடம் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைக்கும்படி சொன்னேன். "என்ன அண்ணா, இது விளையாட்டுச் சாமான்தானே" என்று சிரித்தாள். சாமான் எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான் என்றேன். அன்றிரவே அவள் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நாடு திரும்பியபின் அந்த இழுப்பறைகளை மீண்டும் திறந்தேன். 212ஆம் இலக்கம் நெற்றியில் திருநீறு பூசிய, காதில் தோடு அணிந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இடது புருவத்தின் மேல் சிறு தழும்பு உண்டு. அச்செடுத்துப் பார்த்துத்தான் இடது என்று எழுதுகிறேன். உலோகத்தில் அது வலது பக்கம் இருக்கிறது. 1995 ஒக்ரோபருக்கு முன் யாழ்ப்பாணப் பத்திரிகையொன்றில் அவரது மரண அறிவித்தல் வெளிவந்திருக்கவேண்டும். இவரை அறிந்தவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் எழுதுங்கள். புதிய கொப்பியில் அவருக்கான வரி இன்னும் காலியாக இருக்கிறது.