மெட்டு வைத்த வீணையா, மெட்டில்லாத வீணையா?

பேஸ் யுகலேலே என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. பார்க்க கிடாரின் கடைக்குட்டித் தம்பி மாதிரி இருக்கும். மீட்டினால் பெரிய டபுள் பேஸ் மாதிரி கும்மென்று கேட்கும். வாங்கப் போகிறவர்களுக்கு முதல் குழப்பமே, ஃப்ரெட் உள்ளதை வாங்குவதா, ஃப்ரெட் இல்லாததை வாங்குவதா என்பதுதான்.

இது ஏதோ வெளிநாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். ஃப்ரெட்டுக்கு நம்மூர்ப் பெயர் மெட்டு (சினிமாப் பாட்டு மெட்டு வேறு, இது வேறு!). மெட்டு வைத்தால் வீணை. மெட்டே இல்லாமல் செய்தால் கோட்டுவாத்தியம். இரண்டும் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவை, இரண்டும் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மேடைகளுக்கு வந்தவை. ஒன்று எத்தனையோ வீடுகளின் கூடத்தில் இடம் பிடித்தது. இன்னொன்றை வாசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் இப்படி ஆனது? அதுதான் இந்தக் கட்டுரை.

24 மெட்டு வந்த கதை

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். 1550-இல் விஜயநகரத்தில் ராமாமாத்யர் 'ஸ்வரமேளகலாநிதி' என்ற நூலை எழுதினார். அதில் இரண்டு விதமான வீணைகளைச் சொல்கிறார். ஒன்றில் எல்லா ராகத்துக்கும் சேர்த்து மெட்டுகள் இருக்கும். இன்னொன்றில் வாசிக்கப்போகும் ராகத்துக்கு மட்டும். ராகம் மாறினால் மெட்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கச்சேரியில் எட்டு ராகம் என்றால் எட்டுத் தடவை மெட்டை நகர்த்த வேண்டியிருக்கும்!

தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் (17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) இதற்கு முடிவு கிடைத்தது என்பது மரபு. ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள், எல்லாம் நிலையாகப் பதித்தவை. எந்த ராகமானாலும் மெட்டைத் தொட வேண்டியதில்லை. இன்று நாம் பார்க்கும் சரஸ்வதி வீணை இதுதான்.

மெழுகில் இருக்கும் ரகசியம்

வீணையின் மெட்டுகள் வெண்கலத்தில் செய்தவை. தண்டியின் இரு ஓரமும் நீளமாக மெழுகு வைத்து, அதன்மேல் அவற்றைப் பதிப்பார்கள். தேன்மெழுகோடு கரியைக் கலந்து செய்வதால்தான் அந்தக் கறுப்பு நிறம். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, ஒரு மயிரிழை முன்னே பின்னே தள்ளி உட்கார வைக்க வேண்டும். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். நாளாக ஆக மெட்டு தேயும், மெழுகு இளகும், சுருதி விலகும். அப்போது மறுபடியும் ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்ட வேண்டியதுதான்.

இதை ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி பார்த்தால் விஷயம் புரியும். சுருதி சுத்தமாக விழ வேண்டும் என்றால் யாராவது ஒருவர் அதற்கு உழைத்தே ஆக வேண்டும். வீணையில் அந்த உழைப்பில் பெரும்பங்கை மேளம் கட்டுபவர் முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறார். அதனால்தான் புதிதாகக் கற்க வரும் குழந்தை விரலை வைத்தாலும் 'ஸ' என்றால் 'ஸ' கேட்கிறது.

கோட்டுவாத்தியத்தில் மொத்தச் செலவும் வாசிப்பவர் தலையில்!

கட்டை வழுக்கும் வாத்தியம்

கோட்டுவாத்தியம் பார்வைக்கு வீணை மாதிரியே இருக்கும். குடம் உண்டு, தண்டி உண்டு, மெட்டு மட்டும் கிடையாது. இடது கையில் கருங்காலிக் கட்டை மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கி வழுக்கி வாசிக்க வேண்டும். கமகங்கள் மனிதக் குரல் மாதிரியே குழைந்து வரும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. தவிர, கட்டை ஒன்றுதான். வீணையில் இரண்டு விரல்கள் மாறி மாறிச் செய்யும் வேலையை அந்த ஒரே கட்டை ஓடி ஓடிச் செய்ய வேண்டும்.

திருவிடைமருதூர் சகாராம ராவ் இதில் பெரிய பெயர் எடுத்தவர். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003). கோட்டுவாத்தியக்காரரிடம் படித்தவர் வாய்ப்பாட்டில் உச்சிக்குப் போனார் என்பதைக் கவனியுங்கள். மெட்டில்லாத வாத்தியம் தரும் பயிற்சி கைக்கு இருப்பதைவிடக் காதுக்கு அதிகம்.

மைசூர் பக்கம் நாராயண ஐயங்கார் (1903–1959) இந்த வாத்தியத்தை வளர்த்தார். அவருடைய பேரன் ரவிகிரண் காலத்தில் 'சித்திரவீணை' என்ற பெயர் பரவலானது.

அடையாறில் ஒரே கூரையின் கீழ்

1936-இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, இரண்டு வாத்தியங்களுக்குமே இடம் கொடுத்தது. வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர் (1888–1958) தன் கடைசிக் காலத்தில் அங்கே ஆசிரியராக இருந்தார். கோட்டுவாத்தியத்தில் மேதையான பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அங்கே கற்பித்தார். நல்ல குரு, நல்ல இடம், எல்லாம் இரண்டுக்கும் கிடைத்தது. ஆனாலும் பின்னால் பெருகியது வீணைக்காரர்கள்தான்.

"மெட்டு இருந்தால் சுதந்திரம் போய்விடுமே, கமகம் எப்படி வரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மயிலாப்பூரில் பிறந்த எஸ். பாலசந்தர் (1927–1990). 'அந்த நாள்' (1954) படத்தை இயக்கிய அதே பாலசந்தர்தான். அவர் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே அடுத்தடுத்த சுரங்களை வரவழைப்பார். ஆக, வீணையில் மெட்டு என்பது சுரம் தொடங்கும் இடம் மட்டுமே. எங்கே போய் முடிய வேண்டும் என்பது விரலின் இழுப்பில் இருக்கிறது. அங்கே அவருக்கும் காதுதான் வழிகாட்டி.

ஹார்மோனியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதன் கட்டையை அழுத்தினால் வருவதுதான் சுரம், இழுக்கவோ வளைக்கவோ முடியாது. அதனால்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது, 1971-இல்தான் தடை தளர்ந்தது. வீணைக்கு அந்தக் கதி வரவில்லை. சுலபம், சுதந்திரம் இரண்டையும் அது ஒன்றாகக் கொடுத்தது.

அப்படியானால் வயலின்?

இங்கேதான் ஒரு சிக்கல். வயலினுக்கும் மெட்டு கிடையாது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த அந்த அயல்நாட்டு வாத்தியம், இன்று எல்லாக் கச்சேரியிலும் உட்கார்ந்திருக்கிறது. மெட்டில்லாதது கஷ்டம் என்றால் இது எப்படி ஜெயித்தது?

காமர்ஸ் முதல் வருடப் பாடம்தான்: டிமாண்ட்! பாடகருக்குப் பக்கவாத்தியம் வேண்டும். வில் போட்டு வாசிப்பதால் வயலினின் நாதம் குரல் மாதிரியே நீண்டு நிற்கும். பாடுபவர் எங்கே போனாலும் நிழல் மாதிரி கூடவே போகலாம். பாடகர்கள் பெருகப் பெருக வயலின்காரர்களும் தேவைப்பட்டார்கள். தேவை இருந்ததால் கஷ்டப்பட்டுக் கற்க ஆள் வந்தார்கள், கற்றுக் கொடுக்கவும் ஆள் இருந்தார்கள்.

கோட்டுவாத்தியத்துக்கு வயலினின் கஷ்டம் இருந்தது, வயலினின் வேலைவாய்ப்பு இல்லை. தனிக் கச்சேரி மட்டுமே அதன் பிழைப்பு. வருடக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு வருபவருக்குக் காத்திருக்கும் மேடைகள் கொஞ்சம். அது பின்தங்கியதற்கு நாதத்தில் குறை தேட வேண்டியதில்லை.

கடல் தாண்டியும் அதே கணக்கு

அமெரிக்காவில் 1951-இல் ஃபெண்டர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த மின்சார பேஸ் கிடாரின் பெயர் 'பிரிசிஷன் பேஸ்'. பிரிசிஷன் என்றால் துல்லியம். மெட்டில்லாத டபுள் பேஸில் தடுமாறிய கைகளுக்கு, மெட்டு வைத்துத் துல்லியத்தை விற்றார்கள். பின்னாளில் ஜாகோ பாஸ்டோரியஸ் மெட்டில்லாத பேஸிலேயே உலகப் புகழ் பெற்றார். அந்தக் குழைவுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது மெட்டு வைத்ததுதான்.

பேஸ் யுகலேலேயில் இந்தக் கணக்கு இன்னும் கறார். பேஸ் கிடாரின் தந்தி நீளம் 34 அங்குலம், இதில் ஏறக்குறைய 21 அங்குலம். ஓர் அரைச்சுர இடைவெளியை 100 பங்காகப் பிரித்துக்கொள்வோம். தந்தியின் தொடக்கத்தில் விரல் 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், பேஸ் கிடாரில் சுமார் 6 பங்கு பிசகும். யுகலேலேயில் சுமார் 10 பங்கு! வாத்தியம் சின்னதாக ஆக, தப்பு பெரிதாகிறது.

ஆகவே இந்த வாத்தியத்தை வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். சுருதிக்கான உழைப்பை வாத்தியத்திடம் ஒப்படைக்கிறோமா, நாமே சுமக்கிறோமா? நாமே சுமப்பதென்றால், தினமும் வாசிக்க வைக்கும் அளவுக்கு ஒரு தேவை, ஒரு குழு, பாடும் ஒரு நண்பராவது இருக்கிறாரா? இரண்டாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், தைரியமாக மெட்டில்லாததையே வாங்கலாம். வராவிட்டால் மெட்டு வைத்தது போதும். அதிலும் தந்தியை இழுக்கலாம் என்று பாலசந்தர் காட்டிவிட்டுத்தானே போயிருக்கிறார்.

எதை வாங்கினாலும், வருகிற டிசம்பரில் ஏதாவது ஒரு சபாவில் சித்திரவீணைக் கச்சேரி இருக்கிறதா என்று பார்த்து ஒருமுறை போய்க் கேளுங்கள். டிமாண்ட் அப்படித்தான் உண்டாகும் :-)