வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் தெரிந்த கோட்டை மதில்



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், மாலை நடை முடித்துப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதய வால்வு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த நம் வளாகப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். பெயர் வேண்டாம், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"சார், இதை வீட்டுலகூடச் சொல்லல. ரெண்டு தடவை கண்ணுக்குள்ள பளபளன்னு ஒரு வளைவு வந்துச்சு. பேப்பர்ல பாதி எழுத்து தெரியல. இருபது நிமிஷத்துல தானா போயிடுச்சு. சொன்னா திரும்ப அட்மிட் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"மாமா, நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவர் போய் வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. பழைய கதைகளைத் தேடிப் படிக்கும் ஆசாமி. அவர் சொன்னதைக் கேட்டபின் தேடியபோது, அந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. நம் நாட்டில் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நிறையப் பேர். வயதான காலத்தில் வால்வு இறுகிப்போகிறவர்களும் உண்டு. அதனால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இது ஒரு நாள் பயன்படலாம்.

இயந்திரம் வந்த கதை

திறந்த அறுவை முறையில் வால்வை மாற்ற வேண்டுமென்றால் இதயத்தை நிறுத்தித் திறக்க வேண்டும். அதுவரை உடம்புக்கு ரத்தத்தை யார் அனுப்புவது? 1930களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டருக்கு இந்தக் கேள்வி எழுந்தது. நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் அருகே இரவு முழுக்க அவர் விழித்திருந்தார். அந்த அம்மாவின் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்பச் செலுத்த முடிந்தால் பிழைப்பாரே என்று நினைத்தார்.

அந்த நினைப்பு இயந்திரமாக மாற இருபது வருடத்துக்கு மேல் ஆனது. கிப்பனும் அவர் மனைவி மேரியும் சேர்ந்து பாடுபட்டார்கள். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்கும்போது, 26 நிமிடம் அந்த இயந்திரமே அவருக்கு இதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது. அவர் பிழைத்தார்.

1955இல் மின்னசோட்டாவில் ரிச்சர்ட் டிவால் இன்னும் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் போகும்போதே ஆக்ஸிஜனைக் குமிழி குமிழியாக விடுவது, பிறகு நுரையை அடக்குவது. விலை குறைவு, கையாள்வதும் சுலபம். உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் எவ்வளவுதான் அடக்கினாலும் கண்ணுக்குத் தெரியாத சில குமிழிகள் தப்பித்து ரத்தத்தோடு போயின. நம் கதையின் வில்லன் இந்தக் குமிழிதான்.

முதல் வால்வும் ஒரு காற்றுக்குமிழியும்

1958இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரைப் பார்க்க, ஓய்வுபெற்ற இன்ஜினியர் லோவெல் எட்வர்ட்ஸ் வந்தார். செயற்கை இதயம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. "முதலில் ஒரு வால்வு செய்வோம்" என்றார் ஸ்டார். கூண்டுக்குள் ஒரு பந்து. ரத்தம் தள்ளினால் பந்து நகர்ந்து வழிவிடும், திரும்பி வந்தால் அடைத்துக்கொள்ளும். ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான்.

1960 ஆகஸ்டில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இளம்பெண். வால்வு நன்றாக வேலை செய்தது, அவருக்கு நினைவும் திரும்பியது. சில மணி நேரம் கழித்து அவரைப் பக்கவாட்டில் திருப்பியபோது, இதய அறையில் தங்கியிருந்த காற்று மூளைக்குப் போய்விட்டது. அவர் இறந்துபோனார்.

அடுத்த மாதமே, செப்டம்பர் 21 அன்று, 52 வயதான ஒருவருக்குப் பொருத்தினார்கள். லாரிகளை அனுப்பிவைக்கும் வேலை பார்த்தவர் அவர். சுமார் பத்து வருடம் நன்றாக வாழ்ந்தார். கடைசியில் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தார். வால்வு அவரைக் கைவிடவில்லை.

பைபாஸ் ஆபரேஷனில் இதயத்தின் வெளிப்புறத்து ரத்தக்குழாய்களில்தான் வேலை. வால்வு ஆபரேஷனில் இதய அறையையே திறக்கிறார்கள்; காற்று உள்ளே நுழைகிறது. மூடுவதற்கு முன் அதை முழுக்க வெளியேற்றுவது பெரிய வேலை. பெரிய குமிழி உயிரை எடுத்துவிடும் என்று அன்றே தெரிந்துவிட்டது. சின்னக் குமிழிகள் என்ன செய்யும் என்பது தெரியப் பல வருடம் ஆனது.

"பைத்தியம் இல்லை, தூக்கம் இல்லை"

நோயாளிகள் ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார்கள். சுவரில் உருவம் நகர்கிறது என்றார்கள். ஏ.சி. சத்தம் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது என்றார்கள். 1964இல் ஸ்டாரும் மனநல மருத்துவர் பிளாக்லியும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருடம் நியூயார்க்கில் கோர்ன்ஃபெல்டும் சகாக்களும் இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று முதல் ஐந்து நாள் தெளிவாக இருந்தவர்களுக்கே இது வந்தது. ஐ.சி.யூ.வில் விளக்கு அணைவதில்லை, இயந்திரச் சத்தம் ஓய்வதில்லை, தூங்க விடுவதில்லை. சாதாரண வார்டுக்கு மாற்றி நன்றாகத் தூங்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிட்டது. இரவில் நோயாளியைத் தூங்கவிட வேண்டும் என்ற அக்கறை ஐ.சி.யூ.க்களில் வளர இந்த ஆராய்ச்சிகளும் ஒரு காரணம்.

மருந்தாலும் பார்வை மாறும். இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்ஸின் அளவு கூடினால் பொருள்கள் மஞ்சளாகத் தெரியலாம். அந்த மருந்தின் மூலிகையை ஆராய்ந்த இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் 1785லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மாத்திரையால் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் உண்டு.

கண் ஒரு ஜன்னல்

உடம்பைக் கீறாமல் ரத்தநாளத்தை நேரில் பார்க்கக்கூடிய இடங்களில் ஒன்று விழித்திரை. அது மூளையின் ஒரு நீட்சி. அங்கே அடைப்பு தெரிந்தால் மூளையிலும் நடந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். 1959இல் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், தற்காலிகமாக ஒரு கண் பார்வை போன நோயாளியின் கண்ணுக்குள் அந்த நேரத்திலேயே பார்த்தார். விழித்திரை ரத்தக்குழாயில் வெள்ளைத் துணுக்குகள் மெல்ல நகர்ந்துபோவது தெரிந்தது.

அடுத்து வந்தவர்கள் இந்தியானாவில் படித்த இரண்டு மருத்துவ மாணவர்கள், நோவோட்னியும் ஆல்விஸும். ஃபுளோரசீன் சாயத்தை ஊசியில் ஏற்றி விழித்திரையைப் படம் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். யார் கண்ணில் முதலில் சோதிப்பது என்று நாணயம் சுண்டியதில் ஆல்விஸ் தோற்றார்! கண் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை, 1961இல் இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது.

1980களில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் பிளாத், டெய்லர் குழுவினர் இந்த முறையை ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டு போனார்கள். பைபாஸ் ஆபரேஷன் நடக்கும்போதே நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். குமிழி முறை இயந்திரத்தில் இருந்த எல்லோருக்கும் நுண்ணிய அடைப்புகள் தெரிந்தன. குமிழி விடாமல், சவ்வு வழியாக ஆக்ஸிஜன் ஏற்றும் புதிய இயந்திரத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் தெரிந்தன. பல அடைப்புகள் கொஞ்ச நேரத்திலேயே விலகவும் ஆரம்பித்தன. குமிழி முறை மெல்லமெல்ல வழக்கொழிந்தது. ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயில் வடிகட்டி, ஆபரேஷன் இடத்தில் கரியமில வாயு (காற்றைவிட வேகமாக ரத்தத்தில் கரைந்துவிடும்), காற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உணவுக்குழாய் வழியே எக்கோ என்று ஒவ்வொன்றாக வழக்கத்துக்கு வந்தன. இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஆபரேஷன் முடிந்து திரும்புவதில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

கோட்டை மதில்

சரி, நம் மாமா பார்த்த பளபள வளைவு? அதற்கு 1870க்குப் போக வேண்டும். லண்டனில் ஹியூபர்ட் ஏரி என்ற டாக்டருக்கு அது அடிக்கடி வரும். பார்வையின் நடுவே ஒரு சின்னப் புள்ளி மங்கும். அதைச் சுற்றி வளைந்து வளைந்து மின்னும் கோடு பெரிதாகிக்கொண்டே போகும். கொத்தளங்களோடு கூடிய கோட்டை மதில்போல இருக்கிறது என்று வண்ணத்தில் வரைந்தே வெளியிட்டார். வேலூர்க் கோட்டையின் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பா ஜார்ஜ் ஏரி, அரசாங்க வானியலாளர்; அவருக்கும் இது உண்டு. ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு இது. தலைவலியே வராமல் இது மட்டும் வருவதும் உண்டு.

1941இல் கார்ல் லாஷ்லி என்ற ஆய்வாளர் தனக்கு வந்த கோடுகளையே நேரம் குறித்து வரைந்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்கிட்டார். மூன்றே வருடத்தில், பிரேசில் நாட்டு லியாவோ முயலின் மூளையில் அதேபோல மெல்லப் பரவும் ஒரு அலையைக் கண்டார்.

இதயத்துக்கும் இந்த அலைக்கும் என்ன தொடர்பு? 2010இல் எலிகளின் மூளை ரத்தக்குழாயில் மிகச் சின்னக் காற்றுக்குமிழிகளையும் துணுக்குகளையும் விட்டுப் பார்த்தார்கள். அந்த அலை கிளம்பியது. பல எலிகளில் மூளைத் திசு சாகவே இல்லை. அதாவது, நிரந்தரச் சேதம் இல்லாமலே இந்தக் காட்சி வர முடியும். சோதனை நடந்த இடம் எது தெரியுமா? கிப்பன் விழித்திருந்த அதே பாஸ்டன் மருத்துவமனை.

நீங்கள் செய்ய வேண்டியது

வால்வு மாற்றியவர்களுக்குச் சில வாரங்கள் வரை இப்படிப் பார்வைக் கோளாறு வந்து தானாக மறைவது உண்டு. ஆனால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று நாமே முடிவு செய்யக்கூடாது. புது வால்வில் உறையும் ரத்தக்கட்டியும் கண்ணுக்கோ மூளைக்கோ போகலாம். வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர்.

காட்சி வந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அநேகமாக மூளையின் பார்வைப் பகுதியில் இருந்து வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் என்றால் அந்தக் கண்ணில் இருந்து. எத்தனை நிமிடம் இருந்தது, மின்னியதா மறைத்ததா என்று எழுதி வையுங்கள். ஹியூபர்ட் ஏரி மாதிரி வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டினால், பாதிப் பார்வை போய்த் திரும்பாவிட்டால், வாய் குளறினால், கை கால் தளர்ந்தால் காத்திருக்காதீர்கள், உடனே 108. திரை தானாக விலகிவிட்டாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். காய்ச்சலோடு பார்வை மாறினாலும் அன்றே டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை யார் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் என்ன வந்தாலும், உங்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஐ.என்.ஆர். பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் மாமா மறுநாளே போனார். கண் பரிசோதனை, ஸ்கேன், எக்கோ எல்லாம் எடுத்தார்கள். சேதம் எதுவும் இல்லை, குறைந்துவிடும், மறுபடி வந்தால் சொல்லுங்கள் என்றார்களாம். அட்மிட் பண்ணவில்லை! இரண்டு வாரம் அவர் பயந்ததுதான் மிச்சம்.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு படியும், யாரோ ஒருவர் தான் கண்டதை வெட்கப்படாமல் சொன்னதாலும், இன்னொருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டதாலும் வந்தது. உங்கள் வீட்டில் ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் "வலிக்குதா?" என்று தினமும் கேட்கிறீர்கள். இனி "கண்ணு நல்லாத் தெரியுதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.