1947 பட்டியலில் இல்லாத நந்தியால்

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று இந்தப் பக்கம் நெடுகக் கம்பெனிகளில் ஷிஃப்டு பார்க்கும் பெண்கள் பல மாவட்டக்காரர்கள், பல மாநிலத்துக்காரர்கள். இந்த வட்டாரக் கிறிஸ்தவச் சபைகளின் பழைய பதிவேடுகளைப் படித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கர்னூல் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க ஊர்ல பிஷப்பே ஒரு அம்மாதான் இருந்தாங்க அக்கா. இங்க ஏன் அப்படி யாரும் இல்ல?"

அவள் சொன்ன அம்மா எக்கோனி புஷ்பலலிதா. 1956இல் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் ஆயர் அபிஷேகம் பெற்று, 2013 செப்டம்பர் கடைசியில் ஆந்திராவின் நந்தியாலில் பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். அப்போது வந்த செய்திகளில் அநேகமாக இந்த நாலு வரிதான் இருக்கிறது. 'முதல்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏன் நந்தியால்? சென்னை, திருநெல்வேலி போன்ற பெரிய இடங்களை விட்டுவிட்டு, வரலாறு ஏன் அங்கே போய் நின்றது?

ஆரம்பத்திலிருந்து தேடினேன். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து இந்தத் திருச்சபை உருவானது. அன்று 14 பேராயங்கள். பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தால் தோர்ணக்கல் இருக்கிறது, நந்தியால் இல்லை. தோர்ணக்கல் நமக்குத் தெரிந்த பெயர்தான். தூத்துக்குடிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக நியமிக்கப்பட்ட பேராயம். நந்தியால் பகுதியும் அந்தப் பேராயத்தில்தான் இருந்தது. அப்படியானால் 1947இல் அது எங்கே போனது?

விடை, இணைப்புக்கு முந்தைய சண்டையில் இருந்தது. பெங்த் சுண்ட்க்ளர் 1954இல் வெளியிட்ட இணைப்பு வரலாற்றைப் படிப்பவருக்கு அந்தச் சண்டையின் சூடு தெரியும். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல் போதகர்களையும் புதிய திருச்சபை அப்படியே ஏற்றுக்கொண்டது. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனில் வளர்ந்த நந்தியால் கிறிஸ்தவர்கள் இதற்கு ஒப்பவில்லை. இணைப்பில் சேராமல் பழையபடி கல்கத்தா தலைமைப் பேராயரின் கீழேயே நின்றுகொண்டார்கள். 1975இல்தான் உள்ளே வந்தார்கள்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 1975 என்ற அந்த ஆண்டுதான். யார் தலையில் யார் கை வைக்க வேண்டும் என்பதற்காக 28 ஆண்டுகள் தனித்து நின்ற மக்கள் அவர்கள். அவர்கள் சேர்ந்த மறு ஆண்டு, 1976இல், இந்தத் திருச்சபையில் முதன்முறையாக ஒரு பெண் ஆயரானார். அடுத்த பத்தாண்டுக்குள் புஷ்பலலிதாவும் ஆயர். 2013க்குப் பிறகு அந்தப் பேராயத்தில் புதிய ஆயர்களின் தலைமேல் வைத்த கை ஒரு பெண்ணின் கையாக இருந்தது. நந்தியாலுக்கு அந்த மிஷனை அனுப்பிய இங்கிலாந்துத் திருச்சபையில், பெண் பேராயர் தீர்மானம் 2012 நவம்பரில் சபையார் அவையில் ஆறு வாக்கில் தோற்றது. லிபி லேன் அங்கே முதல் பெண் பேராயரானது 2015 ஜனவரியில். நந்தியால் முந்திக்கொண்டது.

இனி அந்தப் பெண் கேட்டதற்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பேராயங்களில் இதுவரை ஒரு பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பேராய மன்றம் வாக்களித்துப் பெயர்களை அனுப்ப வேண்டும், அதிலிருந்து திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். பெண் ஆயர் ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால்தான் மேற்கொண்டு பேச்சே. பெயர் ஏற வேண்டுமானால் அவர் செய்த ஊழியம் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஊழியத்துக்குச் சாட்சி சபைப் பதிவேடு. இந்தப் பக்கத்துச் சபை ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'விவசாயம்'. பின்னால் போகப் போக 'கம்பெனி வேலை'. கடைசிக் கட்டத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்து. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் அந்தக் கட்டம் பிழைத்திருக்கிறது. புஷ்பலலிதா பேராயராகும் முன் உழைத்த முப்பதாண்டும், நம் ஊர்ப் பெண் ஆயர்கள் இன்று உழைப்பதும் தங்கியிருப்பது இப்படிப்பட்ட கட்டங்களில்தான்.

சபைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவை ஒழிக்கும்போது பழைய பதிவேடுகளையும் பெண்கள் ஐக்கியத்தின் மினிட்ஸ் நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பேராய அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.