இரணைமடுவும் மலிவுவிலைத் திறன்பேசியும்: வன்னியின் தொடர்பாடல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்பது மன்னரின் வெற்றி தோல்விகளையும் ஆட்சி மாற்றங்களையும் நிரல்படக் கூறுவதோடு முடிந்துவிடுவதன்று. ஒரு சமூகம் தனக்கு வேண்டிய செய்தியை எவ்வழியாகப் பெற்றது, தன் சொல்லை எவ்வழியாக வெளியுலகுக்கு அனுப்பியது என்னும் வினாக்களும் வரலாற்றின் பாற்பட்டனவே. இந்நோக்கில், இரணைமடுப் பிரதேசத்து மக்களின் கைகளில் இன்று தவழும் மலிவுவிலைத் திறன்பேசியும் ஆய்வுக்குரிய பொருளாகின்றது. அதன் விலை சிறிதாயினும் அது கைவந்து சேர்ந்த வழி நெடிதும் துயர் மிக்கதுமாகும்.

குளமும் குடியேற்றமும்

கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் ஆட்சியில் மேற்கொள்ளப்பட்டது. இக்குளத்து நீரை நம்பியே 1930களிலிருந்து கிளிநொச்சியைச் சூழக் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்றோர் வந்தனர். 1977ஆம் ஆண்டு இன வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் வன்னியில் தஞ்சம் புகுந்தன. இப்பிரதேசத்துச் சமூகம், உறவினரை வேற்றிடத்தே விட்டு வந்தோரின் சமூகமாகவே தொடக்கமுதல் வளர்ந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தொலைவிலுள்ளாரின் நலம் அறியவேண்டிய தேவை அதன் பிறப்போடு உடன்பிறந்தது.

உழவுத் தொழிலும் செய்தியை வேண்டி நின்றது. வாய்க்காலில் எந்நாள் நீர் திறக்கப்படும், சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கருக்கு நீர் கிடைக்கும் என்பனவற்றைக் கமக்காரர் உரிய காலத்தில் அறிதல் வேண்டும். முற்காலத்தில் வட்ட விதானையின் வாய்ச்சொல்லும், பின்னர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டங்களும், கமக்காரர் அமைப்புகளின் அறிவித்தல்களும் இத்தேவையை நிறைவு செய்தன.

கேட்கும் காலம்

1980களிலிருந்து மூண்ட போர் இத்தொடர்புகளை அறுத்தது. 1990இன் பின்னர் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது, தடை செய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் வானொலிக்குரிய உலர் மின்கலமும் இடம்பெற்றது. மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருள்களாகிய அக்காலத்தில், மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அதன் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு மக்கள் வானொலி கேட்டனர். இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியும் இவ்வாறே பல வீடுகளை எட்டின. ஒருவர் சில்லைச் சுழற்ற, அயலவர் பலர் சூழ்ந்திருந்து கேட்டமை அக்காலத்தின் பொதுக்காட்சியாகும்.

ஆயினும் வானொலி, கேட்பதற்கு மட்டுமே உரிய கருவி. கேட்டவர் மறுமொழி கூற அதில் இடமில்லை. பிரிந்தவர்க்குச் செய்தி அனுப்பச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதத் தாள்களும், வவுனியா வரை சென்று வருவோரின் கைக்கடிதங்களுமே துணையாயின. வெளிநாடு சென்ற மகனின் குரலைக் கேட்க விரும்பிய தாய், மக்கள் ‘கொமினிகேசன்’ என வழங்கிய தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கு அழுவதற்கும் நிமிடக் கணக்கிற் கட்டணம் உண்டு.

இலங்கையில் 1989ஆம் ஆண்டிலேயே கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கிவிட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். கொழும்பில் அக்கருவி செல்வரின் சின்னமாக விளங்கிய ஆண்டுகளில், வன்னியில் ஒரு சோடி மின்கலம் கிடைத்தற்கரிய செல்வமாயிருந்தது. ஒரே தீவில் இரு வேறு காலங்கள் அருகருகே நிலவின எனலாம்.

பேசும் காலம்

2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பயனாக அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி நகரம் அரச படையினர் வசமாயிற்று. அதற்கு முன்னரே ஊர்கள் வெறுமையாகிவிட்டன. பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்த மக்கள், மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபின் செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் ஊர் திரும்பியபோது எஞ்சியிருந்தவை கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய வளவுகளுமே.

இம்மீள்குடியேற்றக் காலத்திலேயே கையடக்கத் தொலைபேசி வன்னியிற் பரவலாயிற்று. வீட்டுத் தொலைபேசி என்னும் இடைப்படியைப் பெரும்பாலான குடும்பங்கள் காணவேயில்லை. முதலில் பொத்தான் தொலைபேசி வந்தது. மின்சாரம் எட்டாத வீட்டினர் அதனைக் கடைகளிற் கொடுத்து மின்னேற்றி வந்தனர். பின்னர் அன்ட்ரொயிட் இயங்குதளத்தையுடைய மலிவுவிலைத் திறன்பேசிகள் வந்தன. சில தவணை முறையில் வாங்கப்பட்டவை. சில புலம்பெயர்ந்த உறவினர் பாவித்து அனுப்பியவை. வைபர், இமோ, வட்ஸ்அப் முதலிய செயலிகள், கனடாவிலும் பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்வோரின் முகத்தை இரணைமடு வயற்கரைக்குக் கொண்டுவந்தன. எழுத்தறிவு குறைந்த முதியோர், தட்டச்சு செய்யாது குரற்பதிவு அனுப்பப் பழகினர். தொடக்ககாலக் கருவிகள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தோன்றியமையும் இப்பழக்கத்துக்குத் துணைசெய்தது எனலாம்.

கருவி வந்ததனால் ஏற்றத்தாழ்வு நீங்கிவிட்டதாகக் கொள்ளுதல் பிழையாகும். 2020 மார்ச்சில் கொவிட்-19 நோய்ப்பரவலால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி திறன்பேசிக்குள் புகுந்தது. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரு கருவி இருப்பின், யாருடைய பாடத்துக்கு அது உரியது என்னும் வினா எழுந்தது. கூலிக்குச் செல்லும் தந்தை அதனைக் கொண்டு சென்றால் அன்றைய பாடம் எவருக்கும் இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, மலிவுவிலைக் கருவியும் மலிவானதாக இருக்கவில்லை. அதே ஆண்டு யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கெனக் கியூ.ஆர். குறியீட்டு முறை அறிமுகமானது. இணையவழிப் பதிவு அதற்கு வேண்டப்பட்டது. ஒரு காலத்தில் மின்கலம் தடை செய்யப்பட்டிருந்த நிலத்தில், எண்ணெய் பெறுவதற்கும் மின்கலக் கருவியின் துணை தேவைப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

கருவியும் அதன் குறுகிய நினைவும்

மலிவுவிலைக் கருவியின் குறைகளை அதனைப் பாவிப்போர் நன்கறிவர். உச்சி வெயிலில் வரப்பில் நின்று பார்ப்போருக்குத் திரை தெளிவாய்த் தெரிவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் மின்கலம் தளர்கின்றது. வெடித்த கண்ணாடியை மாற்றும் செலவு, கருவியின் விலையிற் கணிசமான பங்காகிவிடுகின்றது. கருவி பழுதுறாதிருக்கும்போதே அதன் பயன் முடிந்துவிடுவதும் உண்டு. பழைய அன்ட்ரொயிட் பதிப்புகள் சிலவற்றில் 2020 பெப்ரவரி 1ஆம் நாள் முதல் வட்ஸ்அப் இயங்காது நின்றமை இதற்குச் சான்று.

இவை யாவற்றினும் ஆழமானது நினைவகக் குறைபாடாகும். 2015ஆம் ஆண்டளவில் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட கருவிகள் பலவற்றின் சேமிப்பிடம் 8 கிகாபைட் மட்டுமே. அதில் ஒரு பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். இடம் நிறைந்துவிட்டது, எதையேனும் அழித்துவிடுக என்னும் அறிவித்தலைக் கருவி ஓயாது காட்டும்.

வேறிடங்களில் இது சிறு தொல்லை; வன்னியில் அவ்வாறன்று. இடப்பெயர்வின்போது பெட்டிகளோடும் வீடுகளோடும் குடும்பப் படங்கள் அழிந்தன. எஞ்சிய ஒரு கலியாணப் படத்தையோ, அடையாள அட்டையிலுள்ள சிறு முகத்தையோ திறன்பேசியாற் படம்பிடித்து உறவினர் தம்முட் பகிர்ந்துகொள்கின்றனர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவையும் படங்களே. போரின் இறுதி நாள்களில் நிகழ்ந்தவற்றைப் பற்றி 2011 யூனில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், கையடக்கத் தொலைபேசியாற் பதிவான காட்சிகளும் இடம்பெற்றன. ஆகவே இக்கருவி பேசுங் கருவி மட்டுமன்று. சாட்சியைத் தாங்கும் ஏடுமாகும். அவ்வேட்டின் பக்கங்கள் சிலவே. புதிதாய்ப் பிறந்த பேரப்பிள்ளையின் படத்துக்கு இடம் வேண்டி எதனை அழிப்பது என்னும் வினா, ஒரு தாய்க்கு எளிய வினாவன்று.

முடிவுரை

சுழலும் மிதிவண்டிச் சில்லிலிருந்து தொடுதிரை வரை வந்த இவ்வரலாறு, இருவேறு உண்மைகளை உணர்த்துகின்றது. கேட்பதற்கு மட்டுமே இடம் பெற்றிருந்த மக்கள் பேசவும் காட்டவும் வல்லராயினர் என்பது ஒன்று. அவர்கள் பேசியதும் காட்டியதும், ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துபோகும் கருவியை நம்பியே நிற்கின்றன என்பது மற்றையது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏடுகளின் அழிவை உலகறிந்தது. ஒரு சேமிப்பு அட்டை பழுதுற்று ஒரு குடும்பத்தின் நினைவு அழிவதை அயல் வீட்டாரும் அறியார்.

2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் வழியைக் காட்டியுள்ளது. வீட்டுப் படங்களையும் முதியோரின் குரற்பதிவுகளையும், உரியோரின் ஒப்புதலோடு, அவ்வாறு படியெடுத்துக் காக்கும் பணி ஊர்தோறும் நிகழ்தல் வேண்டும். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் பல்கலைக்கழக மாணவரும் இதனை மேற்கொள்ளலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மாரியில் வந்து சேரும் நீரைச் சிறுபோகத்துக்கெனக் குளத்திலே தேக்கி வைக்கும் மக்களுக்கு, சேமித்தலின் அருமை புதிதாய்க் கற்பிக்கப்படவேண்டியதொன்றன்று. நினைவுக்கும் ஓர் அணைக்கட்டு வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.