ஒலிம்பிக் பிஸ்டல் 'அசால்ட் வெப்பன்' ஆன கதை

1/ அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் நாம கேட்கிற கேள்வி: "ஏன் தடை பண்ண மாட்டேங்கிறாங்க?"

பண்ணியிருக்காங்க மக்களே. ஊர் அளவில், மாநில அளவில், நாடு முழுக்கவும் கூட. அப்படி ஒரு தடையில் ஒலிம்பிக் பிஸ்டலே மாட்டிக்கிட்டது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ 1989 ஜனவரி 17. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம். ஒரு தொடக்கப்பள்ளி மைதானத்தில் ஏகே ரகத் துப்பாக்கியால் ஒருவன் சுட்டதில் 5 குழந்தைகள் இறந்தார்கள். வயது 6 முதல் 9. கம்போடியா, வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள். போருக்குத் தப்பி வந்த இடத்தில் இப்படி.

3/ சில வாரங்களில் ஸ்டாக்டனும் லாஸ் ஏஞ்சல்ஸும் உள்ளூர்த் தடை போட்டன. ஆனா ஒரு ஊரில் தடை, பக்கத்து ஊரில் கடை என்றால் என்ன பயன்? அதே ஆண்டு மாநிலமே சட்டம் கொண்டு வந்தது. நாட்டிலேயே முதல் மாநிலம்.

4/ சட்டம் எப்படி? தடை செய்யும் துப்பாக்கிகளின் பெயர்ப் பட்டியல். அதில் டெக்-9 என்ற பிஸ்டலும் ஒன்று. கம்பெனி என்ன செய்தது? டெக்-டிசி9 என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே பிஸ்டலை விற்றது.

1993 ஜூலை 1, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் 8 பேரைக் கொன்றவன் கையில் இரண்டு டெக்-டிசி9 இருந்தன.

5/ அதனால் 1999இல் வந்த சட்டம் பெயரை விட்டுவிட்டு அடையாளங்களைப் பிடித்தது. எங்க பாஷையில் சொன்னா 'கேஸ் டெஃபனிஷன்'. இன்னின்ன அறிகுறி இருந்தா இந்த நோய் என்று எடுத்துக்கொள்வோம் இல்லையா, அது மாதிரி.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குச் சொன்ன அறிகுறிகளில் ஒன்று: கழற்றி மாட்டும் மேகசின், கைப்பிடிக்கு வெளியே இருப்பது. டெக்-9இல் அப்படித்தான் இருக்கும்.

6/ சிக்கல் இங்கேதான். வால்தர், ஹேமர்லி, பர்டினி கம்பெனிகளின் போட்டிப் பிஸ்டல்களிலும் மேகசின் ட்ரிக்கருக்கு முன்னால்தான்!

ஏன்? எடை முன்பக்கம் வந்தால் குழல் ஆடாது. கைப்பிடிக்குள் மேகசின் இல்லாததால், சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தில் செதுக்கலாம்.

25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் 5 இலக்குகளை 8, 6, 4 விநாடிகளில் சுட வேண்டும். 2012 லண்டனில் நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அதே போட்டி.

7/ 1994இல் வந்த தேசியச் சட்டத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை. 2004 வரை நடப்பில் இருந்த அதில் இரண்டு அறிகுறி தேவைப்பட்டது. எடை ஓர் அறிகுறி: 50 அவுன்ஸ், அதாவது சுமார் 1417 கிராம். போட்டி விதிப்படி பிஸ்டல் 1400 கிராமைத் தாண்டக் கூடாது. தப்பிச்சது.

கலிபோர்னியாவுக்கு ஒரே அறிகுறி போதும். காய்ச்சல்னு வந்தவங்க எல்லாரையும் டெங்கு வார்டில் படுக்க வைத்த மாதிரி.

8/ கடைசியில் என்ன செய்தார்கள்? ஒலிம்பிக் பிஸ்டல்களுக்கு விலக்கு கொடுத்து ஒரு பட்டியல் போட்டார்கள். பெனெல்லி எம்பி90, ஹேமர்லி 280, பர்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி, ஓஎஸ்பி...

கவனிச்சீங்களா? எந்தப் பெயர்ப் பட்டியல் சரிப்படவில்லையோ, அதற்கே திரும்பி வந்தார்கள்.

9/ சேகரிப்பாளர்கள் கதை தனி. 2005 வாக்கில் போட்டி விதி மாறி .22 ஷார்ட் தோட்டா வழக்கொழிந்தது. அதைச் சுடும் வால்தர் ஓஎஸ்பி இன்று சேகரிப்புப் பொருள்தான். பட்டியலில் பெயர் இருப்பதால் அதற்குப் பிரச்சினை இல்லை. அதே அமைப்புள்ள, பட்டியலில் இல்லாத பழைய பிஸ்டல்? சட்டத்தின் கண்ணில் அது 'அசால்ட் வெப்பன்'.

10/ "அப்போ .22 ஆபத்தில்லையா டாக்டர்?"

தப்பு. 1968இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது .22 ரிவால்வர். சின்னத் தோட்டா என்பதற்காக மூளையோ ரத்தக்குழாயோ தப்பிக்காது. விலக்கு கொடுத்தது விளையாட்டுக்காக. அது பொம்மை என்பதற்காக அல்ல.

11/ உள்ளூர்த் தடைக்கு வருவோம். இல்லினாய்ஸின் ஹைலேண்ட் பார்க் நகரம் 2013இல் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2015இல் விசாரிக்க மறுத்துவிட்டார்கள், தடை நின்றது. ஆனால் 2022 ஜூலை 4 அணிவகுப்பில் அதே நகரத்தில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வேறு ஊரில் சட்டப்படி வாங்கியது. 2023 ஜனவரியில் மாநிலமே தடை கொண்டு வந்தது.

12/ இதனால் தடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டாக்டன் குழந்தைகளை நினைத்தால் அப்படிச் சொல்ல மனசு வராது.

ஆனால் வரையறை ரொம்ப இறுகினால் டெக்-டிசி9 நழுவுது. ரொம்ப விரிந்தால் ஒலிம்பிக் பிஸ்டல் மாட்டுது. தடையைக் கேலி செய்பவர்கள் அந்த ஒரு உதாரணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். எல்லை ஒரு ஊரோடு நின்றால் பக்கத்து ஊர் வழியா வந்துடுது. கொள்ளைநோய்க்கும் இதே மூணு கணக்குதான்.

அடுத்த முறை "தடை பண்ணிட்டாங்களாம்" என்று செய்தி வந்தால் ரெண்டு கேள்வி கேளுங்க: எதை? எங்கே?