எங்க காட்டுக்கு நடுவுல ஒரு கடற்கரை

மக்காச்சோளம் அறுத்து முடிஞ்சு, காடு காலியா கிடக்கு. கையில கொஞ்சம் நேரம் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சதை இன்னைக்கு எழுதிடுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க ஊரு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல இருக்கு. அப்பா காலத்துல எங்களுக்கு மொத்தமா ஆறரை ஏக்கர். அதுல மேக்காடு செவக்காடு, கீழ்க்காடு கரிசல். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வண்டிப்பாதை. பாதைக்கு மேற்கால மண்ணு சிவப்பு, கிழக்கால கருப்பு. ஒரே காடு எப்படி ரெண்டு நிறமா இருக்குன்னு சின்ன வயசுல நாங்க யாரும் கேட்டதில்ல. வெள்ளாடும் செம்மறியும் ஒரே பட்டியில கிடக்குற மாதிரி, அதுபாட்டுக்குக் கிடந்துச்சு.

மேக்காட்டுல ஒரு கிணறு. தாத்தா காலத்துல கடப்பாரையும் தோட்டாவும் வச்சுப் பாறையை உடைச்சு வெட்டினது. தண்ணி இளநி மாதிரி இருக்கும், ஆனா மாசியோட வத்திடும். கீழ்க்காட்டுல அப்பா ஒரு கிணறு வெட்டிப் பார்த்தார். களிமண்ணு, வெட்ட சுலபம். தண்ணியும் கொஞ்சம் ஊறுச்சு. ஆனா உப்பு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். அப்பா சொல்லுவார்: "மேற்க இனிக்கும், இருக்காது. கிழக்க இருக்கும், வாயில வைக்க முடியாது."

அப்பா போனப்புறம் பாகம் பிரிச்சோம். மேக்காடும் கிணறும் தம்பிக்கு, கீழ்க்காடு எனக்கு. கிணறு இல்லாததுக்காக எனக்கு அரை ஏக்கர் கூட. அங்கதான் வினை. நல்ல தண்ணியை அவன் வாங்கிக்கிட்டான்னு நான் மனசுல வச்சுக்கிட்டேன். நெலம் கூட வாங்கிக்கிட்டேன்னு அவன் வச்சுக்கிட்டான். நான் போர் போட்டேன், உப்பு. அவன் போட்டான், அறுநூறு அடிக்கு மேல போயும் வெறும் புகைதான் வந்துச்சு. தேங்காய் வச்சு நீரோட்டம் பாத்தவரைத் திட்டினோம், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டோம். எட்டு வருஷம் சரியாப் பேசிக்கல. ஒரே கெடா வெட்டுல எதிரெதிர் பந்தியில உக்காந்து சாப்பிட்டிருக்கோம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலேஜ் பசங்க ஒரு கூட்டம் சுத்தியலும் பையுமா எங்க வண்டிப்பாதையில வந்துச்சு. புவியியல் படிக்கிற பசங்க. கூட வந்த வாத்தியார் பாதையில நின்னு, ஒரு காலை மேற்கால வச்சு ஒரு காலை கிழக்கால வச்சு என்கிட்ட சொன்னார்: "அண்ணே, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவுல 200 கோடி வருஷத்துக்கு மேல வித்தியாசம். நீங்க நிக்கிறது பழைய கடற்கரை." நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. அன்னையிலேர்ந்து தேடித் தேடிப் படிச்சேன். நான் பள்ளிக்கூடத்தோட படிப்பை நிறுத்தினவன், எனக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

தமிழ்நாட்டை மேலேர்ந்து பாத்தா முக்கால் பங்கு நெலம் கெட்டிப் பாறை. சேலம், தர்மபுரி, கோயமுத்தூர், மதுரை எல்லாம் அதுல வரும். எங்களுக்கு மேற்கால தெரியுற பச்சமலை, கொல்லிமலை, சேர்வராயன் எல்லாம் அந்தப் பாறையோட எச்சம்தான். சில பாறைக்கு வயசு 250 கோடி வருஷம். பூமிக்கு உள்ள ரொம்ப ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து, மேல இருந்ததெல்லாம் தேஞ்சு போனப்புறம் வெளிய வந்தது. நீலகிரியில தொட்டபெட்டா 2,637 மீட்டர் நிக்குதே, அதுவும் இந்தக் கூட்டம்தான். அந்த மலைச்சுவர்ல பாலக்காட்டுப் பக்கம் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. ஆடிக்காத்து கோயமுத்தூர் பக்கம் அந்தப் போடு போடுறதுக்கு அந்தச் சந்துதான் காரணம்.

இதுல ஒரு பாறைக்குப் பேரு சார்னோக்கைட். சென்னைப் பல்லாவரத்துல கிடைக்கிற கருங்கல்லு. கல்கத்தாவுல ஜாப் சார்னோக்குன்னு ஒரு கம்பெனிக்கார வெள்ளைக்காரருக்கு வச்ச சமாதிக்கல்லு இந்த வகைங்கிறதால, 1893ல் தாமஸ் ஹாலண்டுங்கிறவர் அவர் பேரையே பாறைக்கு வச்சுட்டார். நம்ம கல்லுக்கு செத்தவர் பேரு. பல்லாவரம்னே வச்சிருக்கலாம்.

இந்தப் பாறைக்குள்ள குளம் குட்டை எல்லாம் கிடையாது. மேல உளுத்துப்போன பகுதியிலயும், உள்ள இருக்கிற வெடிப்புலயும்தான் தண்ணி நிக்கும். வெடிப்பு கிடைச்சா அதிர்ஷ்டம், கிடைக்கலைன்னா ஆயிரம் அடி போனாலும் புகைதான். தம்பி போர் போட்டப்ப நடந்தது இதுதான். அந்தப் பாறை உளுத்து உதிர்ந்ததுதான் அவன் காட்டுச் செம்மண்ணு.

இப்ப என் பக்கத்துக்கு வர்றேன். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரு காலத்துல ஒட்டிக் கிடந்த ஒரே நெலம். அது பிளந்து விலகினப்போ நம்ம கிழக்கு ஓரம் பள்ளம் பள்ளமா இறங்கிடுச்சு. காவிரிப் படுகைங்கிறது அப்படி உண்டான பள்ளம். ஏறக்குறைய 11 கோடி வருஷத்துக்கு முன்னால கடல் அந்தப் பள்ளத்துல ஏறி எங்க ஊர் வரைக்கும் வந்துச்சு. போச்சு, மறுபடி வந்துச்சு. இப்படி ஆறு கோடி வருஷம் சொச்சத்துக்கு முன்னால வரைக்கும் இதே விளையாட்டு. கடலடியில படிஞ்ச சேறும் மணலும் சிப்பியும்தான் இன்னைக்குக் கிழக்கால இருக்கிற களியும் மணல்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்.

சின்ன வயசுல கீழ்க்காட்டுல உழும்போது சுருண்ட நத்தை மாதிரி கல்லு கிடைக்கும். துப்பாக்கி ரவை மாதிரி கூரான கல்லும் கிடைக்கும். ஏதோ பழைய சண்டையில சுட்டதுன்னு அப்பாயி சொல்லும். சுருண்டது அம்மோனைட்டு. ரவை மாதிரி இருக்கிறது பெலம்னைட்டு. ரெண்டுமே கணவாய் மீனோட சொந்தக்கார உயிருங்க. இப்ப உலகத்துல எங்கயும் கிடையாது. காரைப் பக்கம் போனீங்கன்னா செக்கச்செவேல்னும் மஞ்சளாவும் களிமண்ணு மேடு மேடா அரிச்சுக் கிடக்கும், ஒரு புல்லு முளைக்காது. அந்தக் களியில கண்ணாடி ஏடு மாதிரி மின்னுறதை உரிச்சு உரிச்சு விளையாடுவோம். அது ஜிப்சம். கடலைக்குப் போடுறதுக்கு மூட்டைக்குக் காசு கொடுத்து அதைத்தான் இத்தனை வருஷமா கடையில வாங்கியிருக்கேன்!

என் கிணத்துல உப்பு வந்ததுக்கும் காரணம் இந்தக் களிதான். கடல் போயிடுச்சு, உப்பு போகல.

இதையெல்லாம் யாரு கண்டுபிடிச்சாங்கன்னும் பாத்தேன். 1840கள்ல கே, கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்காரங்க திருச்சி, பாண்டிச்சேரி பக்கம் இந்தக் கல்லுங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்காங்க. எட்வர்ட் ஃபோர்ப்ஸ்ங்கிறவர் 1846ல் அதைப் பத்தி எழுதினார். அப்புறம் ஹென்றி பிளான்ஃபோர்டு வந்து முழுசா சுத்திப் பாத்து 1862ல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு பாறை அடுக்குக்கு நம்ம ஊர்ப் பேரை வச்சது அவர்தான். உலகத்துல எந்த மூலையில இதைப் படிக்கிறவனும் ஊட்டத்தூர்னு சொல்லித்தான் ஆகணும். இந்த பிளான்ஃபோர்டுதான் 1875ல் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் ஆனவர். இமயமலைப் பனியைப் பாத்துப் பருவமழையைக் கணிச்சுச் சொன்ன ஆள். நம்ம மண்ணைப் படிச்சவரே நம்ம மழையையும் படிச்சிருக்கார். ரெண்டும் இன்னமும் நமக்குப் பிடிபடல, அது வேற விஷயம்.

ஸ்டோலிச்காவை மட்டும் மறக்கக்கூடாது. இன்னைய செக் நாட்டுல பொறந்தவர். இந்தச் சிப்பி நத்தையெல்லாம் ஒவ்வொண்ணா வரைஞ்சு பேரு வச்சு புத்தகம் புத்தகமா எழுதி முடிச்சவர், 1874ல் மத்திய ஆசியாவுக்குப் போயிட்டுத் திரும்புற வழியில லடாக்குல செத்துப் போனார்.

சாத்தனூர் கல்மரத்தை நிறைய பேர் பாத்திருப்பீங்க. 1940ல் எம். எஸ். கிருஷ்ணன் சொல்லித்தான் அது வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது. 18 மீட்டர் நீளம். கரையில நின்ன மரம் வெள்ளத்துல அடிச்சுக் கடலுக்குள்ள போய் மணல்ல புதைஞ்சு கல்லானது. நாங்க பள்ளிக்கூடத்துல போனப்ப அது மேல ஏறிக் குதிச்சோம். இப்ப வேலி போட்டுட்டாங்க, நல்லதுதான். கல்லமேட்டுல கிடைச்ச எலும்புக்கு அந்த யோகம் இல்ல. 1987ல் அதை பெரிய டைனோசர்னு பேரு வச்சு எழுதினாங்க. ஆனா அந்த எலும்புங்க உதிர்ந்து மண்ணாப் போச்சு. இப்ப வெறும் படமும் எழுத்தும்தான் மிச்சம். 2020ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையா கல்லு வந்ததும் டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல பறந்துச்சே, அது முட்டை இல்ல, அம்மோனைட்டு சம்பந்தப்பட்ட கல்லுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லிட்டாங்க. இப்ப வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு, புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க.

இந்தப் பாறைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கோங்கிறதுதான் நம்ம பொழப்பையே தீர்மானிச்சிருக்கு. தஞ்சாவூர்ல கல்லே கிடையாது, ஆத்து வண்டல்தான். அங்க 1010ல் ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடிச்சிருக்கார்னா, அத்தனை கல்லும் வெளியிலேர்ந்து இழுத்துட்டு வந்தது. இன்னும் கிழக்கால நெய்வேலியில 1930கள்ல ஜம்புலிங்க முதலியார்ங்கிறவர் தண்ணிக்காகத் தோண்டினப்ப கருப்பா ஏதோ வந்துச்சு. அது பழுப்பு நிலக்கரி. 1956ல் கம்பெனியே வந்துடுச்சு. தண்ணிக்குத் தோண்டி நெருப்பு கிடைச்ச கதை அது. எங்க பக்கம் கிடைச்சது சுண்ணாம்புக்கல்லு. கள்ளங்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்க, கல்லு பூரா சிப்பிதான். நம்ம வீட்டுச் சிமெண்டு பாதி அந்தச் சிப்பிங்களோட ஓடு.

அதனாலதான் ரெண்டு வருஷமா ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கார். எங்க கீழ்க்காட்டுக்கும் அதுக்குக் கிழக்கால இருக்கிற காடுங்களுக்கும் நல்ல விலை சொல்றார். பக்கத்துக் காட்டுக்காரங்க ரெண்டு பேர் கொடுத்துட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், உப்புத்தண்ணியை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுறது? ஆனா காட்டைத் தோண்டி எடுத்துட்டா, கடல் திரும்பி வந்தாத்தான் அந்தப் பள்ளம் மூடும்.

அந்த வாத்தியார் அனுப்பின வரைபடத்தைப் போன்ல வச்சிருந்தேன். ஒரு நாள் ராத்திரி அதை எடுத்துக்கிட்டு நானே தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி சம்சாரம்தான் கதவைத் தொறந்துச்சு. "வாங்க மாமா"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுச்சு. தம்பிக்குக் கோட்டைக் காட்டினேன். இந்தப் பக்கம் உன்னுது, இந்தப் பக்கம் என்னுது, நீயும் என்னை ஏமாத்தல, நானும் உன்னை ஏமாத்தல, பாறை இப்படிக் கிடக்குடான்னேன். ரொம்ப நேரம் பெரிசாக்கி சின்னதாக்கிப் பாத்தான். அப்புறம் அவன்தான் சொன்னான்: "அண்ணே, நம்ம காடு மேற்கேர்ந்து கிழக்க சரிவு. என் காட்டுல பேயுற மழை உன் காட்டுக் களியில எறங்கினா உப்பாப் போயிடும். பாதையைத் தாண்டுறதுக்குள்ள மடக்கிடணும்."

நான் படிச்ச அத்தனையும் அவனுக்கு ஒரு நிமிஷத்துல விளங்கிடுச்சு.

அவன் காட்டுல பாதை ஓரமா இருபது சென்ட்ல குட்டை வெட்டுறோம். அவன் பக்கத்து உளுத்த பாறையில தண்ணி எறங்கி தாத்தா கிணத்துக்கு ஊறணும், அதுதான் கணக்கு. செலவு பாதிப் பாதி. கிணத்துல நின்னா, என் நாத்துக்கும் மாட்டுக்கும் ஓஸ் போட்டுக்கலாம்னு சொல்லியிருக்கான். போன வாரம் புரோக்கர் அவன்கிட்ட போய் பேசிப் பாத்திருக்கார். "குட்டை வெட்டி ஒரு மழை பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பி வச்சிருக்கான்.

வர்ற வெள்ளிக்கிழமை பொக்லைன் வருது. தோண்டும்போது ஏதாவது கல்லு கிடைச்சா படம் எடுத்துப் போடுறேன்.