ஏழடி அகல நீர்வழி

இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்து வீலக் என்னும் சிற்றூரில், விடியற்காலையில் ஒரு படகில் ஏறுவோம். அதன் நீளம் ஏறத்தாழ எழுபதடி. அகலமோ ஏழடிக்கும் சற்றுக் குறைவு. 'நாரோபோட்', அதாவது ஒடுங்கிய படகு, என்று அந்நாட்டார் இதனை அழைக்கின்றனர். மணிக்கு நான்கு மைலுக்கு மேல் இது செல்லலாகாது என்பது விதி. இந்த ஏழடிக் கணக்கு எவ்வாறு வந்தது என்று அறிந்தால், இந்நீர்வழியின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஊரை விட்டதும் ஏற்றம் தொடங்குகிறது. படகு மேட்டில் ஏறுவது எங்ஙனம்? இருபுறமும் சுவர் எழுப்பிய நீண்ட தொட்டியொன்று. அதன் இரு முனைகளிலும் கதவுகள். இதற்கு 'லாக்' என்று பெயர். படகு உள்ளே புகுந்ததும் பின்கதவை அடைத்து, மேல்மட்டத்து நீரை உள்ளே விடுவர். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். பின்னர் முன்கதவு திறக்கும். ஹேர்க்காசில் குன்றை அடையுமுன் இத்தகைய லாக்குகள் இருபதுக்கும் மேல் உள்ளன. பகற்பொழுதின் பெரும்பகுதி இவற்றிலேயே கழிகிறது.

1761ஆம் ஆண்டில் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தம் வோர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் ஒன்றைத் திறந்தார். நகரில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. இதனைக் கண்ட பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், தம் ஊருக்கும் அத்தகைய வழி வேண்டுமென விழைந்தார். குதிரை முதுகில் ஏற்றிய பீங்கான் கரடுமுரடான சாலைகளில் உடைந்து நொறுங்கிக்கொண்டிருந்தது. 1766இல் டிரெண்ட்-மெர்ஸி கால்வாய்க்கு நாடாளுமன்றம் இசைவளித்தது. வெட்ஜ்வுட்டே முதல் மண்ணை வெட்டினார்.

பணியை ஏற்றவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுத்தறிவு மிகக் குறைந்தவர். ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்துத் தேர்ந்தவர். அவருக்குக் குறுக்கே நின்றது ஹேர்க்காசில் குன்று. ஒன்றரை மைலுக்கு மேல் குடைய வேண்டும். அகலம் கூடினால் செலவு கூடும்; லாக்குகளுக்கு வேண்டிய நீரும் கூடும். ஆகவே ஏழடி அகல லாக்கே இங்குப் போதுமென முடிவு செய்தார். பதினோராண்டு உழைப்புக்குப் பின் 1777இல் கால்வாய் நிறைவுற்றது. பிரிண்ட்லியோ 1772இலேயே மறைந்துவிட்டார்.

மாலையில் அச்சுரங்கவாயிலை அடைகிறோம். குன்றின் இரும்புச் சத்தால் நீர் துருநிறமாகத் தோன்றுகிறது. பிரிண்ட்லியின் சுரங்கத்தில் குதிரை நடக்க வழியில்லை. குதிரையைக் குன்றின்மேல் நடத்திச் செல்வர். படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரைக் கால்களால் உந்தி, இருளில் இரண்டு மூன்று மணி நேரம் படகை நகர்த்துவர். 1827இல் தாமஸ் டெல்ஃபோர்டு அருகிலேயே வேறொரு சுரங்கம் அமைத்தார். இன்று நாம் அதன் வழியே ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் மறுபுறம் சேர்ந்துவிடுகிறோம்.

1830க்குப் பின் இருப்புப்பாதைகள் பெருகின. படகுக் கூலி வீழ்ந்தது. கரையில் வீடு வைத்துக்கொள்ள இயலாத படகோட்டிகள் பலர், மனைவி மக்களையும் படகிலேயே குடியேற்றினர். சரக்குக்கு இடம் விட்டபின் எஞ்சியது பத்தடிக்கு ஏழடி அறை ஒன்றே. உண்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் அதனுள்ளேதான். அவ்வறையின் கதவுகளில் ரோஜா மலர்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டி மகிழ்ந்தனர். 1877இல் இயற்றிய சட்டம் ஒவ்வொரு படகையும் ஓர் ஊரில் பதிவு செய்யச் சொல்லிற்று. படகுக் குழந்தைகள் பள்ளிக்கு அவ்வூரைச் சேர்ந்தவராகக் கொள்ளப்பட்டனர். ஆயினும் படகு அவ்வூரில் தங்கினால் அன்றோ பள்ளி! எழுதப் படிக்க அறியாமலே பலர் வளர்ந்தனர்.

1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. அதன்பின் ஒடுங்கிய படகுகளின் சரக்குத் தொழில் பெரும்பாலும் முடிவுற்றது. இப்பொழுது இப்படகுகளில் மிகுதியாகக் காணப்படுவோர் ஓய்வை நாடி வருபவரே.

இரவில் படகைக் கரையில் கட்டி, அறைக்குள் குனிந்து நுழைகிறோம். இரு கைகளையும் விரித்தால் இரு சுவரும் எட்டிவிடும் போலிருக்கிறது. ஓரிரவு தங்கும் நமக்கு இது இனிய புதுமை. பிரிண்ட்லி செலவைச் சுருக்கக் குறித்த அளவுக்குள், பல தலைமுறைக் குடும்பங்கள் தம் வாழ்வையும் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது.